முப்பது நாடாக்களும் ஒரே பிரதியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணினி அறிவியல்)

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி எங்கள் துறைத் தலைவர் ஐயா அவர்கள் கேட்டபோது, எதைப்பற்றி எழுதுவது என்று இரண்டு நாள் விழித்தேன். கவிதை எழுதுவோர் நம் கல்லூரியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அந்த வரம் வாய்க்கவில்லை. ஆகவே, சென்ற கோடை விடுமுறையில் நான் கண்ணால் கண்டதையும், கையால் செய்ததையும், செய்யாமல் விட்டதையும் எழுதலாம் என்று துணிந்தேன். கணினி படிக்காத நண்பர்களும் பொறுமையோடு படித்தால், இது அவர்களுக்கும் உரிய விஷயம்தான் என்பது விளங்கும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா பல்லடத்துப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறார். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்; பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியை விரித்துப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எது இருந்தாலும் ஒதுக்கித் தள்ளுவதுதான் செக்கிங். பீஸ் கணக்கில் கூலி. சனிக்கிழமை மாலை சம்பளம். எங்கள் பக்கத்தில் சனிக்கிழமை என்றால் சம்பளக் கிழமை என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். மளிகைக் கடைக்காரர் முதல் வட்டிக்குப் பணம் கொடுப்பவர் வரை எல்லாரும் அந்த ஒரு மாலையை நம்பித்தான் மற்ற ஆறு நாளும் கடன் கொடுக்கிறார்கள்.

முதலாம் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. பல நூற்பாலைகளும் தையல் பிரிவுகளும் கொண்ட ஒரு பெரிய குழுமத்தின் கணினி அறையில் இரவு நேர உதவியாள். இரவு எட்டு மணி முதல் காலை ஆறு மணி வரை. அந்தக் குழுமத்தின் பெயர் இங்கே வேண்டாம். யாரையும் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. குறையில் என் பங்கும் இருக்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன். நான் சேர்ந்த சில வாரங்களில் அம்மாவும் அதே குழுமத்தின் தையல் பிரிவு ஒன்றில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்த அறையில் இருபத்தைந்து ஆண்டுகளாக இரவு ஷிப்டு பார்த்து வருகிற ஓர் அண்ணன் இருந்தார். எல்லாரும் அவரை 'டேப் அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் நாள் என்னை உட்கார வைத்து அவர் சொன்னது இதுதான்: "தம்பி, கம்ப்யூட்டர்ல கணக்குப் போடறதுக்கு நூறு பேரு இருக்காங்க. போட்ட கணக்கு காணாமப் போனா எடுத்துக் குடுக்கறதுக்கு நாம ரெண்டே பேருதான்."

காப்புப் பிரதி, அதாவது பேக்கப் என்பது அவ்வளவுதான். மூலம் அழிந்தால் எடுத்துக் கொடுப்பதற்காக வைக்கும் நகல். இதற்காக உலகம் முதலில் பெரிதும் நம்பியது காந்த நாடாவை. 1952-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் 726 என்னும் நாடாப் பொறியை வெளியிட்டது. எழுபது ஆண்டுகள் கழிந்தும் நாடா ஒழிந்துவிடவில்லை. 2000-ஆம் ஆண்டில் வந்த எல்.டி.ஓ. என்னும் வகையின் முதல் தலைமுறை நாடாப் பெட்டி ஒன்றில் 100 ஜிகாபைட் கொள்ளும். 2021-இல் வந்த ஒன்பதாம் தலைமுறைப் பெட்டியில் 18,000 ஜிகாபைட் கொள்ளும். பெட்டி என்னவோ உள்ளங்கை அகலம்தான். மின்சாரம் இல்லாமலே அலமாரியில் கிடக்கும். ஆனால் ஒரு சங்கடம் உண்டு. நாடாவைச் சுற்றித்தான் வேண்டிய இடத்துக்குப் போக முடியும். பெட்டியை மாற்ற வேண்டும், தலையைத் துடைக்க வேண்டும், எண் ஒட்ட வேண்டும். தப்பான பெட்டியைப் போட்டுவிட்டால் அன்றைய இரவு வீண்.

இந்தச் சங்கடத்துக்கு மாற்றாக வந்ததுதான் மெய்நிகர் நாடா. ஐ.பி.எம். 1997-லேயே பெரிய கணினிகளுக்காக இப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. வெளியே பார்த்தால் அது நாடாப் பொறியைப் போலவே நடந்துகொள்ளும். 'இந்த எண்ணுள்ள நாடாவை மாட்டு' என்றால் மாட்டிவிட்டேன் என்று பதில் சொல்லும். எங்கள் அறையில் இருந்ததன் உள்ளே நாடாவே கிடையாது. வரிசை வரிசையாக வட்டுகள்தான். நான் வேலை பார்த்த இடத்தில் கூலிக் கணக்கு ஓடியது பழைய காலத்து மென்பொருளில். நாடாவில் எழுத மட்டுமே அதற்குத் தெரியும். அதை மாற்றி எழுதப் பெருஞ்செலவு ஆகும். ஆகவே பொய் நாடா ஒன்றைக் காட்டி அதைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தார்கள். கண் தெரியாத பாட்டியிடம் பேரன் பெயரைச் சொல்லி வேறு பையன் வெற்றிலை இடித்துக் கொடுப்பது போல என்று நான் சொன்னதும் அண்ணன் வெகுநேரம் சிரித்தார்.

ஆனால் வட்டு விலை உயர்ந்தது. ஒவ்வோர் இரவும் முழு நகல் எடுத்து, அதை முப்பது நாள் வைத்திருக்க வேண்டும் என்றால் இடம் எங்கே போவது? ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் இரவின் நகல் 500 ஜிகாபைட் என்று கொள்வோம். முப்பது இரவுக்கு 15,000 ஜிகாபைட் வேண்டும். ஆனால் ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் இடையே உண்மையில் மாறுவது எவ்வளவு? தொழிலாளியின் பெயர் மாறுவதில்லை, ஊர் மாறுவதில்லை, சேர்ந்த தேதி மாறுவதில்லை. நூற்றுக்கு இரண்டு பங்குதான் மாறுகிறது என்று வைத்தால், முதல் இரவு 500, பின்வரும் 29 இரவுகளுக்குத் தலா 10. ஆக மொத்தம் 790 ஜிகாபைட். பதினைந்தாயிரம் பிடிக்கும் இடத்தில் எண்ணூறுகூட ஆகவில்லை. ஏறத்தாழப் பத்தொன்பதில் ஒரு பங்கு!

இந்தச் சிக்கன வித்தைக்குத்தான் டீடூப்ளிகேஷன் என்று பெயர். இரட்டிப்பு நீக்கம் என்று நான் தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன். வருகிற தரவைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டுவது. ஒவ்வொரு துண்டுக்கும் கணித முறையில் ஒரு கைரேகை எடுப்பது. அந்தக் கைரேகை ஏற்கெனவே பேரேட்டில் இருந்தால், துண்டை மறுபடி எழுதாமல் 'அங்கே இருப்பதைப் பார்' என்று ஒரு சுட்டு மட்டும் வைப்பது. இவ்வளவுதான் அதன் உட்பொருள். ஷா-256 என்னும் முறையில் கைரேகை 256 பிட் நீளம். அப்படி எத்தனை கைரேகைகள் இருக்கக்கூடும் என்று எழுதினால் 78 இலக்கம் கொண்ட எண் வரும். ஆகையால் வெவ்வேறான இரு துண்டுகளுக்குத் தற்செயலாக ஒரே கைரேகை அமைந்துவிடுமோ என்று நடைமுறையில் அஞ்ச வேண்டியதில்லை.

வெட்டுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நம் நோட்டுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக நகல் எடுத்து ஒப்பிடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதற் பக்கத்தில் ஒரே ஒரு வரியைப் புதிதாக நுழைத்தால், கடைசி வரை எல்லாப் பக்கத்திலும் வரிகள் ஒவ்வொன்றாகக் கீழே தள்ளப்படும். ஒரு பக்கமும் பழைய பக்கத்தோடு ஒத்துப்போகாது. அதற்குப் பதில், பத்தி முடிகிற இடத்தில் வெட்டினால்? வரி நுழைந்த அந்த ஒரு பத்திதான் மாறும். மற்றவை அப்படியே இருக்கும். அளவைப் பார்த்து வெட்டாமல் உள்ளடக்கத்தைப் பார்த்து வெட்டும் இந்த முறைக்கு, மைக்கேல் ராபின் என்னும் கணித அறிஞர் 1981-இல் எழுதிய கைரேகைக் கணிதம் பெரிதும் கைகொடுத்தது. 2002-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த இருவர் 'வென்டி' என்னும் அமைப்பை வெளியிட்டார்கள். அதில் ஒரு துண்டின் கைரேகையே அதன் முகவரி. ஒரே துண்டு இரண்டு முறை எழுதப்பட வழியே இல்லை. அதன்பின் பத்தாண்டுகளுக்குள் இந்த வித்தை காப்புப் பிரதித் தொழிலையே மாற்றிவிட்டது.

இதையெல்லாம் அண்ணன் சொல்லவும், நானாகப் படிக்கவும் தெரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. சாதம் ஒரு பருக்கைகூட வீணாகாமல் பார்த்துக்கொள்ளும் வீட்டில் பிறந்தவனுக்கு இதைவிட அழகான கணக்கு வேறென்ன இருக்க முடியும்? திரையில் முப்பது நாடாக்கள் முப்பது பச்சைப் புள்ளிகளாக வரிசையில் நிற்கும். இரவுப் பதிவேட்டில் ஒவ்வொரு வரியாக 'சரி' போட்டுக் கையெழுத்திடுவேன். அதில் கடைசி வரி 'ஞாயிறு நகல்' என்பது. வாரம் ஒரு முறை, மெய்நிகர் நாடாவிலிருந்து உண்மையான எல்.டி.ஓ. பெட்டிக்கு ஒரு முழு நகல் எடுத்து, சாலைக்கு அப்பாலிருக்கும் கிடங்கின் இரும்பு அலமாரியில் வைக்க வேண்டும். இது டேப் அண்ணன் விடாப்பிடியாகக் காப்பாற்றி வந்த வழக்கம். 'முப்பது நகல் இருக்கும்போது முப்பத்தோராவது எதற்கு?' என்று மேலிடத்தில் கேட்டார்களாம். நானும் மனத்துக்குள் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன்.

ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை இரவு. மணி ஒன்பதரை இருக்கும். பழைய பதிவுகளைத் துடைக்க வேண்டிய ஒரு நிரல், தப்பான தேதியைக் கொடுத்ததால், நடப்புப் பதிவுகளையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. தையல் பிரிவுகளின் தொழிலாளர் முதன்மைக் கோப்பும், அந்த வாரத்துப் பீஸ் கணக்கும் போய்விட்டன. வெள்ளிக்கிழமை கணக்கு முடித்தால்தான் சனிக்கிழமை கூலி. கணக்குப் பிரிவு அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி வந்து நின்றார்.

நான் பதறவில்லை. "முப்பது நாடா இருக்குதுங்க சார், நேத்து ராத்திரியதை எடுத்துக் குடுத்துடலாம்" என்று பெருமையாகவே சொன்னேன்.

வாரக் கணக்கு இருந்த நாடாவைப் படிக்கச் சொன்னோம். வந்தது; ஆனால் மெதுவாக வந்தது. எழுதும்போது மிச்சப்படுத்தியதற்கு, படிக்கும்போது வட்டி கட்ட வேண்டும் என்பதை அன்றுதான் கண்டேன். நேற்றைய நாடா என்று ஒன்று ஓரிடத்தில் இல்லை. அது ஒரு சுட்டுப் பட்டியல். அதன் துண்டுகளில் ஒன்று நேற்று எழுதப்பட்டது. ஒன்று போன மாதம். பெரும்பகுதி முதல் இரவில் எழுதப்பட்டது. வட்டின் மூலை முடுக்கெல்லாம் ஓடி ஓடிப் பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருந்தது.

அடுத்து முதன்மைக் கோப்பு. பாதி தூரம் வந்து நின்றது. 'படிக்க இயலவில்லை' என்றது. மறுபடி முயன்றோம், அதே இடத்தில் நின்றது. நாடாவின் நடுவே படிக்க முடியாத இடம் வந்தால், அதைத் தாண்டிப் போக அந்தப் பழைய மென்பொருளுக்குத் தெரியாது. முந்தைய நாள் நாடாவைப் போட்டோம். அதே இடம். அதற்கும் முந்தைய நாள், அதே இடம். ஒரு வாரத்துக்கு முந்தையது, இரண்டு வாரத்துக்கு முந்தையது, முப்பதாவது நாடா... எல்லாம் அதே இடம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பது நாடாக்களும் சுட்டிக் காட்டியது ஒரே துண்டை. என்றோ முதல் இரவில் எழுதப்பட்டு, மாறவே மாறாததால் மறுபடி எழுதப்படாமல் இருந்த துண்டு. அது கெட்டால் முப்பதும் கெட்டது. நான் முப்பது என்று எண்ணிக்கொண்டிருந்தது பெயர்களை. பொருள் ஒன்றே ஒன்றுதான்.

பின்னர் விசாரித்ததில் தெரிந்தது: மே மாதம் ஒரு மின்தடையின்போது வட்டுகளை ஆளும் கருவியில் கோளாறு ஏற்பட்டிருக்கிறது. சில துண்டுகள் அப்போதே சிதைந்திருக்கின்றன. எழுதியவற்றை அவ்வப்போது தானே படித்துப் பார்த்துக் கைரேகையோடு ஒப்பிடும் வசதி அந்த அமைப்பில் உண்டு. அது மற்ற வேலைகளைத் தாமதப்படுத்துகிறது என்று யாரோ எப்போதோ அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒவ்வோர் இரவும் புதுத் தரவு வரும். 'இந்தத் துண்டு ஏற்கெனவே இருக்கிறது' என்று பேரேடு சொல்லும். பச்சைப் புள்ளி எரியும். இருப்பது உருப்படியாக இருக்கிறதா என்று யாரும் திறந்து பார்க்கவில்லை.

டேப் அண்ணன் ஒன்றும் பேசாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனார். ஞாயிறு நகல் பெட்டிகள் மூன்றைக் கொண்டுவந்தார். முதல் பெட்டியைப் போட்டோம், பாதியில் முடிந்திருந்தது. இரண்டாவதும் அப்படியே. மெய்நிகர் நாடாவைப் படிக்க முடியாததால், ஞாயிறு நகல் இரண்டு வாரமாக நடுவழியில் நின்றுபோயிருக்கிறது. எச்சரிக்கை மின்னஞ்சலாகப் போயிருக்கிறது. அந்த முகவரிக்குரியவர் வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தார். ஆனால் திரையிலும் அது ஒரு மூலையில் எழுதியிருந்தது. பதிவேட்டைப் புரட்டினோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கும் நேராக 'சரி' என்று இருந்தது. கீழே கையெழுத்து என்னுடையது.

என் நாக்கு ஒட்டிக்கொண்டது. "நான்தானுங்கண்ணா... முப்பதும் பச்சையா இருந்துச்சு, அதைப் பாத்துட்டே டிக் போட்டுட்டேன்" என்றேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. பதிவேட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "பச்சை லைட்டு எழுதுனதுக்குத்தான் தம்பி. படிச்சதுக்கு இல்ல."

மூன்றாவது பெட்டி முழுமையாக இருந்தது. உண்மை நாடாவில் சுட்டு கிடையாது. துண்டுகள் எல்லாம் சேர்ந்து முழு உருவத்தில் எழுதப்பட்டிருக்கும். அதுவே அதன் பலவீனம், அதுவே அதன் பலம். அதிகாலை நாலரை மணிக்கு முதன்மைக் கோப்பு திரும்பி வந்தது. ஆனால் அது மூன்று வாரத்துக்கு முந்தைய கோப்பு. அதை இந்த வாரப் பீஸ் கணக்கோடு பொருத்தினோம். இடைப்பட்ட நாட்களில் வேலைக்குச் சேர்ந்த 43 பேர் மட்டும் பொருந்தவில்லை. அவர்களுக்கு டோக்கன் எண்ணும் பீஸ் கணக்கும் இருந்தன. பெயரும் இல்லை, கூலி விகிதமும் இல்லை. கணினியைப் பொறுத்தவரை அவர்கள் பிறக்கவே இல்லை.

அந்த 43 பேரில் என் அம்மாவும் ஒருவர்.

வெள்ளிக்கிழமை காலை நான் வீட்டுக்குப் போகவில்லை. தையல் பிரிவு மேற்பார்வையாளர் வருகைப் பதிவேட்டையும், அந்த 43 பேரும் தங்களுக்காக வைத்திருந்த கணக்கு நோட்டுகளையும் வாங்கி அனுப்பினார். பீஸ் கணக்கில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் ஒரு குட்டி நோட்டு வைத்திருப்பார்கள். கம்பெனிக் கணக்கோடு தகராறு வந்தால் காட்டுவதற்கு. சில நோட்டுகளில் எண்ணெய்க் கறை. சிலவற்றில் குழந்தை கிறுக்கிய படம். நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து எண்ணியிருந்த ஒரு நோட்டைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அட்டையில் என் பழைய பள்ளிக்கூட லேபிளே ஒட்டியிருந்தது. அம்மாவின் கோடுகளை எண்ணினேன். வாரக் கணக்கில் இருந்த எண்ணும் நோட்டில் இருந்த எண்ணும் ஒன்றாக இருந்தன. ஒரு பீஸ்கூட வித்தியாசமில்லை. மாலை ஆறு மணிக்கு 43 பேரையும் ஏற்றி முடித்தோம். சனிக்கிழமை எல்லாருக்கும் கூலி கிடைத்தது.

இந்நிகழ்ச்சிக்குப் பிறகு நான் தேடிப் படித்ததில் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 2011 பிப்ரவரி இறுதியில், கூகுள் நிறுவனத்தின் ஜிமெயிலில் ஒரு மென்பொருள் பிழையால் பயனர்களில் ஏறத்தாழ 0.02 விழுக்காட்டினரின் அஞ்சல்கள் காணாமற்போயின. பல தரவு மையங்களில் பல பிரதிகள் இருந்தும், பிழை பல பிரதிகளையும் ஒருசேரத் தொட்டுவிட்டது. கணினியோடு இணைப்பின்றித் தனியே வைத்திருந்த நாடாக்களிலிருந்தே அவற்றை மீட்டதாக அந்நிறுவனமே அறிவித்தது. அவ்வளவு பெரிய இடத்திலும் பாடம் இதுவே: ஒரே தவறு தொடக்கூடிய தூரத்தில் இருக்கும் பிரதிகள் எத்தனை இருந்தாலும் அவை ஒன்றுதான்.

தமிழ் வகுப்பில் பேராசிரியர் ஐயா பாடபேதம் பற்றி நடத்தியபோது இதே எண்ணம் வந்தது. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன், பல ஊர்களிலிருந்து பல சுவடிகளைத் திரட்டி ஒப்பிட்டார். ஒன்றில் செல்லரித்த இடம் இன்னொன்றில் பிழைத்திருந்தது. வெவ்வேறு கைகள், வெவ்வேறு ஊரில், வெவ்வேறு காலத்தில் எழுதியதால் பிழைகளும் வெவ்வேறு இடத்தில் விழுந்தன. பிரதி என்பதற்கு உரிய இலக்கணம் அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

இதனால் இரட்டிப்பு நீக்கம் தீயது என்று நான் சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் அந்தக் குழுமம் முப்பது நாள் நகலை வைத்திருக்கவே முடியாது. நாலைந்து நாளோடு நின்றிருக்கும். வாரக் கணக்கை அன்றிரவு மீட்டதும் அந்த அமைப்பிலிருந்துதான். சிக்கனம் வேண்டும். ஆனால் பலவற்றை ஒன்றாகச் சுருக்கியவன், அந்த ஒன்றை முன்பைவிடப் பலமடங்கு விழிப்போடு காக்கக் கடமைப்பட்டவன். நிறுத்தி வைத்த சரிபார்ப்பை ஓடவிட வேண்டும். இன்னொரு பிரதி வேறு வகைப் பொருளில், வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாதம் ஒரு முறையாவது நகலிலிருந்து உண்மையாகவே மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத நகல், நகல் இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டுமே.

நண்பர்களே, நம்மில் பலர் மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்து, அது தானாகவே இணையத்திலும் ஏறிவிடுகிறது என்று நிம்மதியாக இருக்கிறோம். கைப்பேசியில் அழித்தால் அங்கேயும் அழியும்படி அமைந்திருந்தால், அவை இரண்டு பிரதிகள் அல்ல. இரண்டு இடத்தில் தெரியும் ஒரே பிரதி. இன்றைக்கே ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

அந்தச் சனிக்கிழமை இரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பார்க்காமலே இரண்டு ஞாயிறு 'சரி' போட்டதையும் சொன்னேன். டீடூப்ளிகேஷன் அவருக்கு விளங்கியதோ இல்லையோ, நான் செய்தது உடனே விளங்கிவிட்டது. சம்பளக் கவரிலிருந்து மளிகைக் கடைக்கான பணத்தைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டே கேட்டார்:

"துணியை விரிச்சுப் பாக்காம நான் டிக் அடிச்சா, என்னைச் செக்கிங்ல வெச்சிருப்பாங்களா கண்ணு?"

விடுமுறை முடியும் வரை அந்த வேலையில் இருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் பெட்டியிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுத் திறந்து பார்த்த பிறகுதான் பதிவேட்டில் எழுதினேன். 'சரி' என்று எழுதவில்லை. 'படித்துப் பார்த்தேன்' என்று எழுதினேன். டேப் அண்ணன் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவரும் அப்படியே எழுதத் தொடங்கினார்.